வாசகர் கேள்வி–பதில்: பிரேக் பேட் மாற்றும்போது

கேள்வி: காரின் முன்சக்கர டிஸ்க் பிரேக் பேட்களை வீட்டிலேயே மாற்றலாம் என்றிருக்கிறேன். என்னென்ன டூல்ஸ் வேண்டும்? எங்கே தவறு நடக்கும்?

பதில்: ஜாக்கி, இரண்டு ஜாக்கி ஸ்டாண்ட், பின்சக்கரங்களுக்கு அடைகட்டை, வீல் ஸ்பேனர், கேலிப்பர் (பேட்களை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கவ்வி) போல்ட்டுக்குப் பொருந்தும் சாக்கெட் (பல கார்களில் 12 அல்லது 14 மி.மீ.; சிலவற்றில் ஆலன் கீ), சி கிளாம்ப், கம்பி பிரஷ், பிரேக் கிளீனர், சிலிக்கான் பிரேக் கிரீஸ், டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பேனர்). காரோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றத்தான். அதன் மேல் நிற்கும் காருக்கு அடியில் கையைக்கூட நீட்டாதீர்கள்.

சமதளத்தில் நிறுத்தி, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று தளர்த்துங்கள். பிறகு தூக்கி, ஸ்டாண்டில் இறக்கி, சக்கரத்தைக் கழற்றுங்கள். கேலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றினால் பல கார்களில் அது கதவு போல மேலே திறக்கும். முழுதாகக் கழற்ற வேண்டியிருந்தால் கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஆயில் வரும் ரப்பர் ஹோஸில் தொங்கினால் ஹோஸ் உள்ளுக்குள்ளேயே கிழியும், வெளியில் பார்த்தால் தெரியாது.

பழைய பேடில் ஒன்றை கேலிப்பரில் பேடைத் தள்ளும் பிஸ்டன் மேல் வைத்து சி கிளாம்பால் மெதுவாக உள்ளே தள்ளுங்கள். அப்போது பிரேக் ஆயில் திரும்பி மேலேறும். பானட்டுக்குள் உள்ள பிரேக் ஆயில் டப்பா வழிகிறதா என்று கண் வைத்திருங்கள். பிரேக் ஆயில் பட்ட பெயின்ட் உரிந்துவிடும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். டிஸ்க்கையும் அளந்து பாருங்கள். குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதன் மேலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் புது பேட் போட்டும் பயனில்லை.

அவசரக்காரர்கள் தாண்டிப்போகும் வேலை இனிமேல்தான். பேட் உட்காரும் பிராக்கெட்டில் படிந்த துருவைக் கம்பி பிரஷால் தேய்த்தெடுங்கள். தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது, அது நுரையீரலுக்குப் போகும். கிளீனர் அடித்து நனைத்துத் துடையுங்கள். ஸ்லைடு பின் (கேலிப்பர் நகர உதவும் ஊசி) இரண்டையும் உருவி, துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவித் திரும்பப் போடுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்பவைக்கும். பேடின் உராயும் முகத்திலும் டிஸ்க்கிலும் துளி கிரீஸ்கூடப் படக் கூடாது.

போல்ட்டுகளையும் வீல் நட்டுகளையும் கார் கையேட்டில் உள்ள டார்க் அளவுக்கே இறுக்குங்கள். வீல் நட்டை ஒன்றுவிட்டு ஒன்றாக எதிரெதிரே முறுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புது பேட் போட்டால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். மாற்றினால் இரு பக்கமும் மாற்றுங்கள்.

கேள்வி: பேட் மாற்றிவிட்டு வண்டியை எடுத்தேன், முதல் மிதியில் பெடல் அடிவரை போய்விட்டது. ஏன்?

பதில்: தள்ளிவைத்த பிஸ்டன் இன்னும் பேடைத் தொடவில்லை. வண்டி நகரும் முன்பே பெடல் கெட்டியாகும் வரை பலமுறை மிதித்திருக்க வேண்டும். மிதித்த பிறகும் மெத்தென்று இருந்தால் லைனில் காற்று இருக்கிறது, அதை வெளியேற்றாமல் (பிளீட் செய்யாமல்) ஓட்டக் கூடாது.

கேள்வி: உள்பக்கப் பேட் தேய்ந்துபோனது, வெளிப்பக்கம் பாதிக்கு மேல் மீதி. பேட் தரம் மட்டமா?

பதில்: பேட் மேல் பழி போடாதீர்கள். ஒற்றைப் பிஸ்டன் கேலிப்பரில் பிஸ்டன் உள்பேடைத் தள்ளும், அந்த எதிர்விசையில் கேலிப்பர் நகர்ந்து வெளிப்பேடை இழுக்கும். ஸ்லைடு பின் இறுகிவிட்டால் இரண்டாவது வேலை நடக்காது, சுமை முழுக்க உள்பேடுக்கு. பேட் சாய்வாகத் தேய்ந்திருந்தால் ஒரு பின் மட்டும் இறுகியிருக்கலாம். பின் நன்றாக நகர்ந்தும் இதே கதை என்றால் பிஸ்டன் திரும்பாமல் சிக்கியிருக்கிறது.

கேள்வி: பின்சக்கரத்து பிஸ்டன் சி கிளாம்புக்கு அசையவே இல்லை.

பதில்: அழுத்தாதீர்கள்! கை பிரேக் சேர்ந்த கேலிப்பர் என்றால் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும், அதற்குத் தனி டூல் உண்டு. எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் என்றால் முதலில் சர்வீஸ் மோடில் வைத்து மோட்டாரைப் பின்வாங்கச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் மோட்டார் உடையும்.

கேள்வி: புது பேடை எப்படிப் பழக்குவது?

பதில்: ஆளில்லாத சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறைப்பதை எட்டுப் பத்து முறை, இடையே ஆறவிட்டுச் செய்யுங்கள். சூடாக இருக்கையில் பிரேக்கை மிதித்தபடி நிற்காதீர்கள். டிஸ்க்கில் பேடின் தடம் படிந்து, பின்னர் ஒவ்வொரு பிரேக்குக்கும் ஸ்டீயரிங் அதிரும்.