பெருமந்தக் காலத்து நிவாரணக் கட்டடங்கள்: கேள்வி பதில்

1930களின் பெருமந்தத்தில், வேலையிழந்தவர்களுக்கு வேலை கொடுக்க அமெரிக்க அரசு எழுப்பிய பள்ளி, நீதிமன்றம், தபால் நிலையம் பற்றிய கேள்விகள். கட்டடப் பராமரிப்பு என் துறை. அரசியல் கேட்டால் ஒரு வரிதான் வரும்.

ஹூஸ்டன் வாசகர்: பக்கத்து ஊர்த் தபால் நிலையத்தில் ஒரு சுவரோவியம் இருக்கிறது. டபிள்யூ.பி.ஏ. (வேலையிழந்தவர்களை வேலைக்கு வைத்த அரசு நிறுவனம்) ஓவியம் என்கிறார்கள். சரியா?

பெரும்பாலும் தவறு. தபால் நிலைய ஓவியங்களைச் செய்வித்தது நிதித்துறையில் 1934 அக்டோபரில் தொடங்கிய ஓவிய, சிற்பப் பிரிவு. கட்டடச் செலவில் ஏறக்குறைய 1 சதவீதத்தை ஒதுக்கி, போட்டி வைத்து ஓவியரைத் தேர்ந்தெடுப்பார்கள். டபிள்யூ.பி.ஏ.யின் கலைத்திட்டம் வேறு. அது 1935இல் வந்தது. ஓவியருக்கு மாதச் சம்பளம். வேலை பெரும்பாலும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும்.

ஒரு எச்சரிக்கை. இவற்றில் பல, கேன்வாஸில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்து சுவரில் ஒட்டப்பட்டவை. ஒட்டிய பசையில் வெள்ளீயம் இருக்கலாம், அது நச்சு. ஓரம் பிரிந்தால் சுரண்டாதீர்கள், சோப்புத் தண்ணீரால் துடைக்காதீர்கள். ஓவியப் பாதுகாப்பு நிபுணரைக் கூப்பிடுங்கள்.

சிகாகோ வாசகி: எந்தத் திட்டத்தில் கட்டியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆண்டை வைத்து முடிவு செய்யாதீர்கள், கட்டடத்தில் பதித்த பெயர்ப் பட்டயத்தைப் படியுங்கள். பி.டபிள்யூ.ஏ. (பொதுப்பணி நிர்வாகம்) 1933இல் வந்தது, உள்துறைச் செயலர் ஹரோல்ட் இக்கீஸின் கையில். ஊராட்சிக்கு முதலில் 30 சதவீதமும் 1935 முதல் 45 சதவீதமும் மானியம் தந்தது. வேலையைச் செய்தவர் தனியார் காண்ட்ராக்டர். அதனால் பட்டயத்தில் காண்ட்ராக்டர் பெயர் இருக்கக்கூடும். ஹாரி ஹாப்கின்ஸின் டபிள்யூ.பி.ஏ. 1935இல் வந்தது. அது நிவாரணப் பட்டியலில் இருந்தவர்களை நேரடியாக வேலைக்கு வைத்தது. நடுவில் காண்ட்ராக்டர் இல்லை.

இன்னொரு தடயம்: 1939இல் டபிள்யூ.பி.ஏ.யின் பெயரில் 'ஒர்க்ஸ் ப்ராக்ரஸ்' என்பது 'ஒர்க் ப்ராஜெக்ட்ஸ்' ஆனது. பட்டயத்தில் இரண்டாவது பெயர் இருந்தால் அது 1939இலோ பின்னரோ அடித்தது. பட்டயமே இல்லையா? நகரமன்ற, கவுண்டி கூட்டக் குறிப்புகளைத் தேடுங்கள். விண்ணப்பித்தது ஊர்தான், தீர்மானம் பதிவாகியிருக்கும்.

டல்லஸ் வாசகர்: ஓக்லஹோமாவில் பார்த்த ஆர்மரிகள் (தேசியக் காவற்படைக் கட்டடங்கள்) எல்லாம் கருங்கல் கோட்டை மாதிரி நிற்கின்றன. அந்தக் காலத்து வேலை நேர்த்தி! இன்றைய காண்ட்ராக்டருக்கு வருமா?

கருங்கல் அல்ல, பல இடங்களில் மணற்கல். நேர்த்தி இருந்தது, ஆனால் கல்லைத் தேர்ந்தெடுத்தது கணக்கு. டபிள்யூ.பி.ஏ. பணத்தில் பெரும்பகுதி கூலிக்கே போக வேண்டும். பொருளில் பெரும்பங்கு ஊரின் பொறுப்பு, ஊரிடமோ காசில்லை. எனவே ஊர் எல்லையில் இருந்த கல்குவாரி, ஆற்று மணல், இடித்த கட்டடத்துச் செங்கல், இவைதான் ஊரின் பங்கு. கல்லை உடைத்து, கொத்தி, அடுக்கப் பல கைகள் வேண்டும். பொருள் மலிவு, கூலி மிகுதி. திட்டத்துக்கு இதைவிடப் பொருத்தம் எது? ஆரிகன் மாநிலத்து டிம்பர்லைன் விடுதியில் (1937இல் அதிபர் ரூஸ்வெல்ட் அர்ப்பணித்தது) படிக்கட்டுத் தூண் தலைகள் கழித்த தந்திக் கம்பங்களில் செதுக்கியவை. கணப்பில் விறகு தாங்கும் இரும்பு பழைய தண்டவாளம். எல்லாம் அதே கணக்குதான்.

அதே வாசகர்: அப்படியென்றால் வேண்டுமென்றே இழுத்தடித்தார்களா? மண்வெட்டியில் சாய்ந்து நின்றார்கள் என்ற கேலி உண்மைதானே?

கையால் செய்வது இழுத்தடிப்பு ஆகாது. தேவைப்பட்ட இடத்தில் இயந்திரமும் வந்தது: 1939இல் திறந்த நியூயார்க் லாகார்டியா விமான நிலையத்துக்கு ரைக்கர்ஸ் தீவிலிருந்து குப்பைமண்ணைக் கொண்டுவந்து கடலோரத்தை நிரப்பினார்கள். அது மண்வெட்டி வேலையா?

சான் ஹோசே வாசகர்: நடுவில் வருகிறேன். கொத்தனாரும் கூலியாளும் ஒரே சம்பளமா?

இல்லை. 1935இல் இடத்தையும் திறனையும் பொறுத்து மாதம் 19 முதல் 94 டாலர். பின்னர் மணிக்கூலி ஊர் விகிதப்படி ஆனதால், கூலி அதிகமுள்ள கொத்தனார் சில நாள்களிலேயே மாதச் சம்பளத்தை எட்டி வீட்டுக்குப் போய்விடுவார், அடுத்தவர் வருவார். நீண்ட சுவரில் பாயிண்டிங் (கல் இடுக்கில் சாந்து நிரப்புவது) பாணி மாறினால் இதையும் ஒரு காரணமாக யோசியுங்கள். 1939இல் எல்லோரும் மாதம் 130 மணி நேரம் வேலை செய்ய வேண்டும் என்று சட்டம் வந்ததும் வேலைநிறுத்தமே வெடித்தது. டல்லஸ் நண்பரே, சாய்ந்து நின்றவர்கள் வேலைநிறுத்தம் ஏன் செய்ய வேண்டும்?

டல்லஸ் வாசகர்: ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சரி.

டல்சா வாசகி: மணற்கல் சுவரில் இடுக்குச் சாந்து உதிர்கிறது. சிமெண்டால் பாயிண்டிங் செய்யலாமா?

கூடாது. மழைநீர் வெளியேற வேண்டிய வழி சாந்து இடுக்கு. கல்லைவிடக் கெட்டியான சிமெண்டால் அதை அடைத்தால் ஈரமும் உப்பும் கல் வழியே வெளிவந்து, முகம் அப்பளம் போலச் செதில் செதிலாகக் கழன்றுவிடும். கழன்ற கல் திரும்பாது.

முதலில் பழைய சாந்தைச் சோதனைக்கு அனுப்புங்கள். மென்மையான கல்லுக்குப் பொதுவாக கன அளவில் சிமெண்ட் 1, சுண்ணாம்பு 2, மணல் 9. இடுக்கின் அகலத்தைப் போல 2 முதல் 2.5 மடங்கு ஆழம் வரை பழையதைக் கையுளியால் எடுங்கள். கிரைண்டர் கல் விளிம்பைத் தின்னும். தூசி தட்டி, கல்லை ஈரப்படுத்தி, கால் அங்குல அடுக்குகளாக நிரப்புங்கள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் பதியாத அளவு இறுகிய பிறகே அடுத்தது. ஈரச்சாக்கு போர்த்துங்கள். குளிர் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் வேலை வேண்டாம்.

இன்னொருவர்: என் காண்ட்ராக்டர் கெட்டிச் சிமெண்ட்தான் நீடிக்கும் என்கிறார்.

சிமெண்ட் நீடிக்கும். கல்தான் போய்விடும். மேலே எழுதியதைக் காண்ட்ராக்டருக்குக் காட்டுங்கள்.

மற்றவர்கள் கேட்டவை, சுருக்கமாக:

ஹூவர் அணை டபிள்யூ.பி.ஏ.வா? 1931இல் தொடங்கியது. டபிள்யூ.பி.ஏ. பிறந்தது 1935இல்.

எம்பயர் ஸ்டேட்? தனியார்.

சான் பிரான்சிஸ்கோ காய்ட் கோபுரம்? ஒரு பெண்மணி விட்டுச்சென்ற பணத்தில் கட்டியது. உள்ளே உள்ள ஓவியங்கள் மட்டும் 1934இன் அரசுத் திட்டம்.

எங்கள் ஊர் நகரமன்றம்? பட்டயம், பிறகு கூட்டக் குறிப்பு. சிகாகோ வாசகிக்குச் சொன்னதேதான். இனி இந்தக் கேள்வி வேண்டாம்.

சென்னை வாசகர்: நம் பக்கிங்காம் கால்வாயும் இப்படித்தானே?

அடையாறையும் கூவத்தையும் இணைக்கும் துண்டு 1877-78 பஞ்ச நிவாரண வேலை. பஞ்சம் வேறு, பெருமந்தம் வேறு. சென்னை வரலாறு எழுதுபவர்களைக் கேளுங்கள்.

டல்சா வாசகி: கடைசியாக ஒன்று. வெண்கலப் பட்டயத்தைப் பிராஸோ போட்டுப் பளபளப்பாக்கலாமா?

வேண்டாம். எழுத்தைச் சுற்றிய பள்ளத்தில் உள்ள கருநிறம் திட்டமிட்டுக் கொடுத்தது. தேய்த்தால் எழுத்தும் பின்புலமும் ஒரே நிறமாகிவிடும். மென்மையான சோப்புக் கரைசல், மெல்லிய பிரஷ், நன்றாக அலசித் துடைத்துக் காயவிட்டு மெழுகு ஒரு பூச்சு. வடியும் சோப்புநீர் கீழே உள்ள மணற்கல்லில் படாமல் பிளாஸ்டிக் விரித்துக்கொள்ளுங்கள்.