கொடுவாவுக்கு வால் அழுகல்: மீதமுள்ள மருந்தைப் போடலாமா?

கேள்வி: சிங்கப்பூரின் உபின் தீவுப் பக்கம் கடல் கூண்டுகளில் கொடுவா வளர்க்கிறோம். ஒரு வாரமாகத் தினமும் மீன் சாகிறது. வால் அழுகியிருக்கிறது, சில மீன்கள் வலையில் உரசிக்கொண்டே இருக்கின்றன. போன முறை வாங்கிய ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்துத் தூள் மீதி இருக்கிறது. எல்லாக் கூண்டுக்கும் தீவனத்தில் கலந்து போடலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. நோய் வந்த மீன் முதலில் தீனியைத்தான் நிறுத்தும். நீங்கள் கலக்கும் மருந்தைத் தின்னப்போவது நல்ல மீன். மிச்சம் கரைந்து கடலுக்குப் போகும். கடல்நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் இந்த மருந்தோடு பிணைந்து அதன் வீரியத்தையும் குறைத்துவிடும். அரைகுறை மருந்தில் தப்பும் கிருமி அடுத்த முறை அதே மருந்துக்கு அசையாது. நோய் இரிடோவைரஸ் என்ற மீன் வைரஸ் என்றால் தூள் மொத்தமும் வீண், பாக்டீரியா மருந்து வைரஸை அசைக்காது.

வலையில் உரசுகிறது என்றீர்களே, எனக்கு அதில்தான் சந்தேகம். ஒரு தொட்டியில் நன்னீர் நிரப்பி, காற்றூட்டியை ஓடவிட்டு, நாலைந்து மீனை ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள், கொடுவா தாங்கும். தோலில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருந்த தட்டைப்புழு வெளுத்து உதிர்ந்தால், வந்த வழி தெரிந்துவிட்டது. அது போட்ட புண் வழியாகத்தான் விப்ரியோ போன்ற பாக்டீரியா நுழையும். பாசி அடைத்த வலையை மாற்றுங்கள், செத்ததை உடனுக்குடன் எடுங்கள், தீனியைக் குறையுங்கள்.

சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் தெரிவித்து, மீன் மருத்துவரையும் வரவழையுங்கள். சோதனைக்குச் செத்து மிதப்பது உதவாது. தள்ளாடும் உயிர்மீன் வேண்டும். அதன் சிறுநீரகத்திலிருந்து கிருமியை வளர்த்து, மருந்து தோய்த்த சிறு தாள் வில்லைகளை வைத்து எதற்கு அடங்குகிறது என்று பார்ப்பார்கள். மருந்து எழுதித் தந்தால் சொன்ன நாள்வரை கொடுங்கள். விற்பனைக்கு முன் விடச் சொல்லும் இடைவெளியில் ஒரு நாளும் குறைக்காதீர்கள்.

கூண்டு மீனுக்கும் மருத்துவமனைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கிறார்கள். மருந்துக்கு அசையாத தன்மையைத் தரும் எதிர்ப்பு மரபணுவைக் கிருமிகள் ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளும், மனிதரைத் தாக்கும் கிருமிக்கும் அது போகலாம். அதனால்தான் கிருமிகளின் மருந்து எதிர்ப்பைச் சமாளிக்க 2017 நவம்பரில் வந்த தேசியச் செயல்திட்டத்தில் சுகாதார அமைச்சோடு உணவு, கால்நடை, சுற்றுப்புறம், தண்ணீர் அமைப்புகளும் சேர்ந்தன. ஒருங்கிணைக்க 2018இல் தனி அலுவலகமும் வந்தது. கண்காணிப்பு, கல்வி, ஆய்வு என்று அந்தத் திட்டத்தில் பல உண்டு. பண்ணைக்காரருக்கு உடனே பயன்படுவது தொற்றுத் தடுப்பு என்பேன். அடுத்த தொகுதிக் குஞ்சு வாங்கும்போது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா, இரிடோவைரஸ் ஆகியவற்றுக்கான தடுப்பூசி போட்டதா என்று கேட்டு வாங்குங்கள். கூண்டில் நெருக்கியும் விடாதீர்கள்.