ரிசல்ட் வந்த பிறகு கதவைச் சாத்திக்கொண்ட மகள்: மொரீஷியஸ் ரோஸ் பெல் அம்மாவுக்கு ஒரு பதில்

வணக்கம் அம்மா. உங்கள் கடிதம் முழுவதும் படித்தேன். எச்.எஸ்.சி.யில் நினைத்த மார்க் வராத மகளை மறுபடி பரீட்சை எழுத வைக்கலாமா, கம்பெனி ஆபீஸ்கள் நிறைந்த எபேனில் கால் சென்டர் வேலைக்கு விடலாமா, கனடாவில் இருக்கும் உங்கள் தம்பியிடம் அனுப்பிவிடலாமா, கம்ப்யூட்டரே எல்லா வேலையையும் செய்யப்போகிறது என்கிறார்களே அது நிஜமா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் "இவளைக் கொஞ்சம் பாசிட்டிவாக இருக்கச் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் கேட்பாள்" என்று முடித்திருக்கிறீர்கள். நான் அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், மற்ற எல்லாக் கேள்வியும் அதில்தான் வந்து சிக்கிக்கொண்டு நிற்கிறது.

நான் சொன்னாலும் கேட்க மாட்டாள் அம்மா. பாசிட்டிவாக இரு, நம்பிக்கையோடு இரு, உலகம் மாறுகிறது நீயும் மாறு என்று காலையில் எழுந்ததும் அவள் போனிலேயே பத்துப் பேர் சொல்கிறார்கள், சூரிய உதயப் படம் போட்டு. அதைப் படித்துவிட்டு, என்னால் இதுகூட முடியவில்லையே என்று இன்னும் கொஞ்சம் சுருண்டு படுப்பதுதான் நடக்கிறது. மனசு சரியான பிறகு காரியத்தில் இறங்கலாம் என்று காத்திருந்தால் மாதங்கள் ஓடிவிடும். என்னிடம் யோசனை கேட்டு வருகிற பிள்ளைகளிடம் நான் பார்ப்பது இதற்கு நேர் எதிர்: ஏதோ ஒரு சின்னக் காரியம், அடுத்தவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முடிந்தால், அதன் பின்னாலேயே மனசு மெல்ல எழுந்து வருகிறது.

அவள் ஏன் கதவைச் சாத்திக்கொண்டாள் என்பதையும் உங்கள் கடிதமே சொல்கிறது, நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ. நம் ஊரில் ரிசல்ட்டும் காவடியும் கிட்டத்தட்ட ஒரே பருவத்தில் வந்து தொலைக்கின்றன. கோவிலில் வாழை இலை போட்டு ஏழு கறியும் பரிமாறி முடிப்பதற்குள் எதிர்ப் பந்தியில் உட்கார்ந்திருக்கிற அத்தை, பக்கத்தில் இருக்கிற மாமா, யாரென்றே தெரியாத ஒரு கிழவி, எல்லோரும் "ரிசல்ட் என்ன?" என்று கேட்டாகிவிட்டது. அதோடு உங்கள் அண்ணன் மகன் லோரியா ஆகி (எச்.எஸ்.சி.யில் முன்னணியில் வந்து அரசு ஸ்காலர்ஷிப் வாங்குகிறவர்களை நாம் அப்படித்தானே சொல்கிறோம்), ஸ்கூலில் தோளில் தூக்கி வைத்துக் கொண்டாடிய படம் பேப்பரில் வந்து, அதை நீங்களே வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டியும் வைத்திருக்கிறீர்கள். அந்தப் பையன் கெட்டிக்காரன், சந்தோஷம். ஆனால் லோரியாக்கள் சொற்பப் பேர், தீவில் வேலை பார்த்துச் சாப்பிடுகிற மற்ற அத்தனை பேரும் லோரியா ஆகாதவர்கள். அந்தப் படத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

அப்புறம் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி: "நான் படிக்காதவள், பதினேழு வயசில் ஃபேக்டரிக்குப் போனவள், இதெல்லாம் எனக்கு என்ன தெரியும்."

உங்களுக்குத்தான் அம்மா தெரியும். 1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்து, எண்பதுகளில் ஹாங்காங் முதலாளிகளும் உள்ளூர் முதலாளிகளும் ஊர் ஊராகத் தையல், ஸ்வெட்டர் ஃபேக்டரிகள் திறந்தபோது, அதுவரை வீட்டிலும் கரும்புத் தோட்டத்திலும் இருந்த பெண்கள்தான் பை ஒன்றை மாட்டிக்கொண்டு விடியற்காலை பஸ் ஏறினார்கள். பெண் பிள்ளை ஃபேக்டரிக்குப் போவதா என்று அன்றைக்கும் கோவில் பந்தியில் பேசியிருப்பார்கள். பிறகு பணக்கார நாடுகளின் துணி இறக்குமதிக் கோட்டா ஏற்பாடு 2004 முடிவோடு ஒழிந்து, சீனாவோடு நேருக்கு நேர் விலையில் மோத வேண்டிய நிலை வந்ததும், அதற்குக் கொஞ்சம் முன்னும் பின்னுமாகப் பல ஃபேக்டரிகள் மூடின. உங்களுடையதும் 2004இல் மூடியது என்கிறீர்கள். அதற்கு நீங்கள் காரணமா? நீங்கள் போட்ட தையல் கோணலாக இருந்ததா? எங்கோ வெளிநாட்டில் யாரோ போட்ட கையெழுத்து ரோஸ் பெல்லில் உங்கள் மெஷினை நிறுத்தியது. அந்தச் சமயத்தில் யாரும் உங்களிடம் பாசிட்டிவாக இரு என்று சொல்லியிருந்தால் நன்றாகத் திட்டியிருப்பீர்கள். ஆனால் முன்னறையைத் தபாஜியாக, அதாவது சின்னப் பெட்டிக்கடையாக மாற்றி, ரொட்டியும் ஃபோன் கார்டும் விற்க ஆரம்பித்தீர்கள், கடன் நோட்டு எழுதக் கற்றுக்கொண்டீர்கள், இப்போது வாடிக்கையாளர் "ஜூஸ் பண்ணட்டுமா" என்று, போன் வழியாகப் பணம் அனுப்பக் கேட்டால் போனை எடுத்து நம்பர் காட்டுகிறீர்கள்.

உங்கள் மாமனார் கதையும் அதேதான். நம் சர்க்கரைக்கு ஐரோப்பா 1975 முதல் நல்ல விலை கொடுத்து வாங்கி வந்தது, 2006இல் தொடங்கி அந்த விலையை 36 சதவீதம் வெட்டினார்கள், 2009இல் பழைய ஒப்பந்தமே முடிந்தது. சர்க்கரை எஸ்டேட்டுகள் ஆட்களைக் குறைக்க விருப்ப ஓய்வுத் திட்டம் கொண்டு வந்து, பணத்தோடு 7 பெர்ஷ் (பெர்ஷ் என்பது நம் நில அளவு) நிலமும் கொடுத்தன. நீங்கள் இப்போது குடியிருக்கிற வீடு அந்த நிலத்தில்தான் நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உலகமயமாக்கல் என்று பெரிய வார்த்தை போட்டு டிவியில் பேசுகிறார்களே, அது உங்கள் வீட்டுக்கு ஏற்கெனவே இரண்டு தடவை வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறது. இந்தக் கதையை மகளிடம் சொல்லியிருக்கிறீர்களா? நாங்கள் பட்ட கஷ்டம் உனக்கு என்ன தெரியும் என்ற பாணியில் வேண்டாம், அது ஒருவருக்கும் உதவாது. ஃபேக்டரி மூடிய முதல் மாதம் எவ்வளவு பயமாக இருந்தது, யாரிடம் போய் யோசனை கேட்டீர்கள், கடையில் எந்தச் சரக்கை வாங்கி நஷ்டப்பட்டீர்கள் என்று, அந்தச் சின்ன விவரங்களைச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அம்மா அப்பா பயந்த கதை தெரிவதே இல்லை, அதனால் தங்களுக்கு மட்டும்தான் பயம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சரி, இனி உங்கள் கேள்விகள்.

மறுபடி எழுதுவது பற்றி: அவளுக்கு அக்கவுன்டிங்கும் பிரெஞ்சும் நன்றாக வந்திருக்கிறது, எக்கனாமிக்ஸில்தான் சறுக்கல். அவளுக்கே மறுபடி எழுதும் ஆசை இருந்து, அவள் கேட்ட கோர்ஸுக்குக் கொஞ்சம்தான் குறைகிறது என்றால் எழுதலாம். உங்கள் ஆசைக்காக இன்னொரு வருஷம் அதே புத்தகத்தோடு உட்கார்ந்தால், எனக்குத் தெரிந்து மார்க் பெரும்பாலும் ஏறுவதில்லை. ரெதுயியில் இருக்கிற மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில் இடம் இல்லை என்றால் உயர்கல்வியே இல்லை என்று நம் வீடுகளில் இன்னும் நினைக்கிறார்கள். புவான்ட் ஓ சாப்லில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது, மஸ்கரேன் பல்கலைக்கழகம் இருக்கிறது (பிரான்சின் லிமோஜ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பட்டம் தருகிறார்கள், பிரெஞ்சு நன்றாக வருகிற பெண்ணுக்கு இது சின்ன விஷயம் இல்லை), பாலிடெக்னிக் இருக்கிறது, வேலை பார்த்துக்கொண்டே படிக்கத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2019 ஜனவரி முதல் அரசு உயர்கல்வி நிறுவனங்களில் முதல் பட்டத்துக்குக் கல்விக் கட்டணம் இல்லை, டிப்ளமாவுக்கும் இல்லை. டிப்ளமாவில் நுழைந்து பிறகு பட்டத்துக்கு ஏறியவர்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும். எந்த டிப்ளமாவிலிருந்து எந்தப் பட்டத்துக்கு, எந்த வருஷத்தில் சேரலாம் என்பதைச் சேருவதற்கு முன்பே அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

எபேன் பற்றி நீங்கள் கேட்ட தொனியே "அந்த வேலைக்குப் போய்" என்றிருந்தது. நான் அப்படி நினைக்கவில்லை. வேலை என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பிரான்சில் ஒருவருக்கு இன்டர்நெட் வேலை செய்யவில்லை, அல்லது பார்சல் வரவில்லை, அவர் போன் செய்தால் இங்கே எபேனில் ஒரு பெண் எடுக்கிறாள். நமக்கும் பிரான்சுக்கும் இரண்டு மணி நேரம், அவர்கள் குளிர்காலத்தில் மூன்று மணி நேரம், அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் முழு ராத்திரி கண் விழிக்கிற வேலையாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் அவர்களின் சாயங்காலம் நமக்கு நல்ல இருட்டு. இன்டர்வியூவில் ஒரு பக்கம் உரக்கப் படிக்கச் சொல்வார்கள், பிறகு கோபமாக இருக்கிற வாடிக்கையாளர் மாதிரி ஒருவர் போனில் கத்துவார், இவள் என்ன செய்கிறாள் என்று பார்ப்பார்கள். வீட்டில் கிரியோல், பரீட்சையில் இங்கிலீஷ், டிவியில் பிரெஞ்சு, கோவிலில் தமிழ் என்று ஒரு நாளைக்கு நாலு பாஷையில் புழங்குகிற பெண் அவள். அதை அவள் ஒரு திறமையாக நினைக்கவே இல்லை, ஏனென்றால் பக்கத்து வீட்டிலும் அப்படித்தான். வெளிநாட்டுக் கம்பெனிகள் இந்தத் தீவுக்கு வருகிற காரணங்களில் அதுவும் ஒன்று.

கம்ப்யூட்டர் விஷயத்தில் உங்கள் பயம் பாதி சரி. பார்சல் எங்கே, பாஸ்வேர்டு மறந்துவிட்டது போன்ற கேள்விகளுக்கு இப்போதே மெஷின் பதில் சொல்கிறது, இனி இன்னும் சொல்லும். அந்த முதல் படியிலேயே ஐந்து வருஷம் நின்றால் ஆபத்துதான். கோபத்தில் கத்துகிறவரைச் சமாதானம் செய்வது, இரண்டு கம்பெனிக்கு நடுவில் தொலைந்துபோன பணத்தைக் கண்டுபிடிப்பது, புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது, இதெல்லாம் அவ்வளவு சீக்கிரம் போகாது. அவளுக்கு அக்கவுன்டிங் வருவதால், போன் எடுக்கிற பிரிவை விட பிரெஞ்சுக் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதித் தருகிற பிரிவில் முயற்சி செய்யச் சொல்வேன். பகலில் அது, வார இறுதியில் பகுதி நேரப் படிப்பு. என் ஓட்டு இதற்குத்தான்.

கனடா: இப்போது வேண்டாம். தம்பி நல்லவர், சந்தேகமில்லை, ஆனால் 2024 ஜனவரி முதல் கனடா மாணவர் விசாவுக்கு ஃபீஸ் போக வாழ்க்கைச் செலவுக்கு மட்டும் 20,635 கனடா டாலர் காட்டச் சொன்னார்கள், அதற்கு முன் 10,000. வருஷா வருஷம் திருத்துவோம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதே மாதத்தில் மாணவர் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு அறிவித்தார்கள். அந்த 7 பெர்ஷை அடகு வைத்து அனுப்பும் யோசனையை விட்டுவிடுங்கள். கப்பல் வேலைக்கும் சரி, கனடாவுக்கும் சரி, ஆஃபர் லெட்டர் கையில் வருவதற்கு முன் பணம் கேட்கிற ஏஜென்ட்டுக்கு வாசலிலேயே பதில் சொல்லி அனுப்புங்கள். அங்கே போனால் மாறிவிடுவாள் என்று எழுதியிருக்கிறீர்கள். கதவைச் சாத்திக்கொள்ள மொன்ட்ரியாலிலும் அறை இருக்கிறது, அங்கே தட்ட நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

அவள் செய்ய வேண்டியது, வாரத்துக்கு ஒரு காரியம். முதல் வாரம் ஒரு பக்கத்தில் சி.வி. எழுதட்டும். ஒன்றும் இல்லையே எழுத என்பாள். கடைக் கடன் நோட்டை எக்செல்லில் போட்டு, யார் எவ்வளவு பாக்கி என்று மாதா மாதம் எடுத்துத் தருவது அவள்தானே? அதை எழுதட்டும். "கடையில் அம்மாவுக்கு உதவி" என்று எழுதினால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள், "சிறு கடையின் கடன் கணக்கை எக்செல்லுக்கு மாற்றி மாதந்தோறும் நிலுவைப் பட்டியல் தயாரிக்கிறேன்" என்று எழுதினால் படிப்பார்கள், இரண்டும் ஒரே உண்மைதான். அடுத்த வாரம் எபேனில் வேலை பார்க்கிற யாராவது ஒரு பெண்ணிடம் பத்து நிமிஷம் பேசட்டும், சம்பளம் என்ன, எது வெறுப்பாக இருக்கிறது, எது பிடிக்கிறது என்று. அதற்கடுத்து ஒரு விண்ணப்பம். வேண்டாம் என்று பதில் வந்தால் அதையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைக்கட்டும். பதிலே வராததையும்தான். மூன்று நாலு சேர்ந்ததும் எதில் தட்டுகிறது என்று அவளுக்கே புரியும், பிரெஞ்சு கடிதத்திலா, இன்டர்வியூவிலா, கேட்கிற வேலையிலேயேவா.

நீங்கள் செய்ய வேண்டியது அதைவிடக் கஷ்டம். இந்த வாரம் என்ன ஆச்சு என்று ஒரு தடவைக்கு மேல் கேட்காதீர்கள். கவர்மென்ட் வேலை, டீச்சர் வேலை என்ற பேச்சைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். அதற்கு விண்ணப்பிக்கலாம், தவறே இல்லை, ஆனால் அது வரும் வரை வாழ்க்கையை நிறுத்தி வைக்கிற வழக்கம் நம் வீடுகளில் பல பிள்ளைகளின் நாலைந்து வருஷத்தைத் தின்றிருக்கிறது. இன்னொன்று, இது முக்கியம்: அவள் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல் இருப்பது வாரக்கணக்கில் நீடித்தால், அல்லது வாழ்வதே வேண்டாம் என்கிற மாதிரி ஏதாவது பேசினால், அதைச் சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். உடனே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், பணம் கட்ட வேண்டியதில்லை. வேலை, படிப்பு எல்லாம் அதற்குப் பிறகு.

எபேன் வேலை கிடைத்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: ராத்திரி ஷிஃப்ட் முடிந்தால் வீட்டுக்கு வண்டி தருகிறார்களா, ரோஸ் பெல் வரைக்குமா, இல்லை க்யூர்பிப்பில் இறக்கிவிடுவார்களா? பகலில் க்யூர்பிப் வரை பஸ், அங்கிருந்து ரோஸ் ஹில்லுக்கு மெட்ரோ, அங்கே மாறினால் எபேன், 2023இல் இருந்து அந்தப் பாதை இருக்கிறது. ராத்திரியில் அதே வழியாகத் திரும்ப முடியும் என்று நம்பி இருக்காதீர்கள்.

என்னைப் பார்க்க வர வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். வாருங்கள், ஆனால் நேரம் கேட்டு போன் செய்வது அவளாக இருக்கட்டும். உங்கள் நம்பரிலிருந்து கூப்பிட்டாலும் சரி, பேசுவது அவள்தான்.