கைலாசநாதருக்குப் புது வண்ணம் எதற்கு?

கேள்வி: காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். பல சிற்பங்களுக்கு முகமே இல்லை, சுவரெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. மற்ற கோயில்களைப் போல மணல் வீச்சில் (மணலை வேகமாகப் பீய்ச்சியடித்து) சுத்தம் செய்து வண்ணம் அடித்தால் என்ன?
(திண்டுக்கல் வாசகர்)

பதில்: வேண்டாம். தயவுசெய்து அப்படி நினைக்கக்கூட வேண்டாம். உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் நீங்கள் சொல்லும் மருந்து ஆளையே கொன்றுவிடும்.

இராஜசிம்ம பல்லவன் ஏறக்குறைய 1,300 வருடங்களுக்கு முன் கட்டிய மணற்கல் கோயில் அது. அடிவரிசையில் மட்டும் கருங்கல். அதனால்தான் அங்கே வெட்டிய எழுத்து இன்றும் படிக்கக் கிடைக்கிறது. மேலே இருப்பது விரல் பட்டாலே பொடிப்பொடியாக உதிரும் கல். கருங்கல்லே மணல் வீச்சில் மேல்தோலை இழக்கிறது, இது என்ன ஆகும்? முன்பும் நல்லெண்ணத்தோடுதான் சிதைந்த சிலைகள்மேல் சுதை, அதாவது சுண்ணாம்புச் சாந்து, பூசினார்கள். இன்று நாம் பார்க்கும் முகங்களில் பல அந்தப் பூச்சுதான், பல்லவச் சிற்பியின் உளிவேலை அதற்குக் கீழே மறைந்துவிட்டது.

சரி, வண்ணம்? அது ஏற்கெனவே அங்கே இருக்கிறது! திருச்சுற்றில் வரிசையாக 58 சின்னஞ்சிறு சன்னிதிகள் உண்டே, சிலவற்றில் குனிந்து உள்சுவரைப் பாருங்கள். காவிச் சிவப்பில் ஒரு கோடு, மஞ்சளில் ஒரு திட்டு. ஒன்றில் சிவன், உமை, நடுவே குழந்தை முருகன் என்று சோமாஸ்கந்தர் ஓவியத்தின் மிச்சம். புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய் 1931-இல் இந்த ஓவியங்களை வெளியுலகுக்குக் காட்டினார். ஒரு கோட் பெயின்ட் போதும், அத்தனையும் போய்விடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோயில் எழும்பிச் சில பத்தாண்டுகளுக்குள் பல்லவர்களின் பரம எதிரியான சாளுக்கிய அரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். இந்தக் கோயிலின் செல்வத்தை அவன் எடுத்துக்கொள்ளவில்லை, திரும்பவும் கோயிலுக்கே கொடுத்தான். அதைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு மண்டபத்துத் தூண் ஒன்றில் இன்னும் இருக்கிறது. படையெடுத்து வந்தவன் கையே வைக்காத கோயிலில், கும்பிடப் போகிற நாம் கை வைக்கலாமா?

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் கோயில் அது. செய்ய வேண்டியதெல்லாம் மழைநீர் தேங்காமல், உப்பு பூக்காமல், புதுப்பூச்சு ஏறாமல் காப்பதுதான். அந்த வேலை நடந்தால் கண்ணுக்கே தெரியாது, பளிச்சென்றும் இருக்காது. இருக்கட்டும்.

இன்னொரு முறை காலையில் போங்கள், கோயில் கிழக்கு பார்த்தது. பிள்ளைகள் சுவரில் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.