ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர், ஓர் அறை

நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் ஒரு மலைக்கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். புத்தகத்தை ஒப்பிக்க வைக்காமல் பிள்ளைகளைச் செய்து கற்க விடும் சிறு அரசுப் பள்ளிகளைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

ஐயா, எங்கள் பள்ளியில் 22 பிள்ளைகள். எல்லா வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைக்கிறார்கள். இது பாடமா, கூட்டமா? (ஒரு தாய், பந்தலூர்)

அம்மா, கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான். வகுப்புகளைச் சேர்க்காமல் வழியில்லை. அது குறையுமல்ல. தொடக்க வகுப்புகளுக்கான தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலேயே அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் கற்றல் நிலை பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். என் அறையில் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி தேயிலைக் காய்களைப் பத்துப் பத்தாகக் குவித்து, ஒன்றாம் வகுப்புப் பையனுக்குக் கணக்குக் காட்டுவாள். நான் சொல்லி ஏறாதது அவள் சொன்னால் ஏறும். ஆனால் ஓர் ஆசிரியர் பயிற்சிக்குப் போய், இன்னொருவர் எமிஸ் என்னும் இணையதளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவதோடு மல்லுக்கட்டும் நாளில் நீங்கள் சொல்வதுதான் சரி. அது கூட்டமேதான்.

பணியர் பழங்குடிக் குடும்பத்துப் பையன் ஒரு மாதமாக வாய் திறக்கவில்லை. மந்தமா, சார்? (புதிய ஆசிரியை)

அந்தச் சொல்லை முதலில் விட்டுவிடுங்கள், டீச்சர். வீட்டில் அவன் பேசுவது பணிய மொழி. உங்கள் தமிழ் அவனுக்குப் புதிது. என்னிடமும் அப்படி ஒருவன் இருந்தான். ஒரு மழைநாளில் ஜன்னல் கம்பியில் கொண்டை வைத்த சின்னான் குருவி ஒன்று வந்து உட்கார, அதன் பெயரைத் தன் மொழியில் சொன்னான். அதைத் தமிழ் எழுத்தில் கரும்பலகையில் எழுதினேன். மறுநாள் இன்னும் நான்கு பெயர்களோடு வந்தான்.

மழைக்காலத்தில் பாட அட்டைகள் பூஞ்சணம் பிடிக்கின்றனவே?

லேமினேட் செய்தாலும் ஓரத்தில் ஈரம் ஏறும். மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு, சத்துணவுக் கூடத்தில் அடுப்பை ஒட்டிய சுவரோரம் வையுங்கள். சமையலம்மாவின் தயவு வேண்டும்.

பலா பழுத்தால் பாதையில் யானை. பிள்ளையை எப்படி அனுப்புவது? (ஒரு தந்தை)

ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி என்பது விதி. மலையில் அந்த ஒரு கிலோமீட்டருக்குள் ஓர் ஓடையும் ஒரு யானைத்தடமும் வந்துவிடும். நான் அந்த மாதங்களில் மணியைத் தள்ளி அடித்தேன். மேலிடத்தில் திட்டும் வாங்கினேன். தொலைவுக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு வாகன, துணையாள் வசதி கேட்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு மனுக் கொடுங்கள். அக்குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். கையெழுத்துக்கு மட்டும் அழைத்தால், தீர்மானத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளியில் தாக்குப்பிடிப்பார்களா?

பாடத்தில் பிடிப்பார்கள். தடுமாறுவது கூட்டத்தில். மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் அரசுப் பள்ளியில் சேர்க்க மறுக்க முடியாது. கோடை விடுமுறைக்கு முன் ஒரு நாள் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய், கழிப்பறை எங்கே, தண்ணீர்க் குழாய் எங்கே என்று காட்டிவிடுங்கள்.