கேளுங்க, சொல்றேன்

கேள்வி: டிவியில இங்கிலாந்து ராஜா கதை ஒண்ணு பாத்தேன் சார். ராஜா வச்சிருந்த பொம்பளைக்கு பட்டு, நகை, பங்களான்னு காட்டுறாங்க. நெசமாவே அப்படி சுகமா இருந்தாங்களா? எங்க ஊர்ல அப்படி ஒருத்தி இருந்தா தண்ணி புடிக்கிற எடத்துல கூட யாரும் பேச மாட்டாங்க.
- ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: பட்டும் நகையும் இருந்துச்சும்மா, ஆனா சுகம்னு சொல்ல எனக்கு மனசு வரல. ஹென்றியெட்டா ஹோவர்டுன்னு ஒருத்தங்க, ரெண்டாம் ஜார்ஜோட ஆசைநாயகி. சின்ன வயசுலயே அப்பா வாள் சண்டையில செத்துட்டார், அம்மாவும் போய்ட்டாங்க, 1706ல கல்யாணம் பண்ணிக்கிட்டவரோ குடி, சூதாட்டம், அடி உதைன்னு இருந்த ஆளு. அந்த ஆளுகிட்ட இருந்து தப்பிக்க ஒரு எடம் வேணும்னுதான் அரண்மனை வேலையைப் புடிச்சுக்கிட்டாங்க, இளவரசி கரோலினுக்கு அந்தரங்கப் பணிப்பெண். அப்புறம் அதே இளவரசியோட புருஷன், அப்போ இளவரசரா இருந்த இந்த ஜார்ஜுக்கே ஆசைநாயகி ஆனாங்க, ஆனா பழைய வேலையும் போகல! காலையில கரோலின் மூஞ்சி கழுவும்போது பாத்திரத்தைப் புடிச்சுக்கிட்டு முட்டி போட்டு நிக்கணும், நான் முட்டி போட மாட்டேன்னு சொல்லிப் பாத்தாங்க, நடக்கல. சாயங்காலமானா ஜார்ஜ் கையில வாட்ச்சை வச்சுக்கிட்டு நடந்துக்கிட்டே இருப்பாராம், குறிச்ச நிமிஷம் வந்தாத்தான் இவங்க ரூமுக்குள்ள வருவார். இவங்களுக்கு காது வேற சரியா கேக்காது, வருஷக்கணக்கா இப்படியே ஓடுச்சு.

எனக்கு ரொம்ப வலிச்சது புள்ளை விஷயம்தான். 1717ல பெரிய ராஜாவுக்கும் மகன் ஜார்ஜுக்கும் சண்டை வந்து மகன் குடும்பத்தை அரண்மனையை விட்டே அனுப்பிட்டாங்க, இவங்க கரோலின் கூட வெளிய வந்துட்டாங்க, புருஷன் பெரிய ராஜா பக்கமே நின்னுட்டார், பத்து வயசுப் பையனையும் தன்கிட்டயே வச்சுக்கிட்டார். அப்போ சட்டப்படி புள்ளை அப்பனுக்குத்தான். அந்தப் பையன் அம்மாவை வெறுத்தே வளந்தான். பின்னாடி கோச்சு வண்டியில இருந்து இழுத்துட்டுப் போவேன்னு புருஷன் மெரட்ட, கடைசில வருஷத்துக்கு 1,200 பவுண்டு குடுத்துத்தான் அந்த ஆளை வாய மூட வச்சாங்க, 1728ல பிரிஞ்சாங்க.

நீங்க கேட்ட பங்களாவுக்கு வர்றேன். பொண்டாட்டி சொத்து எல்லாம் புருஷனுக்கேன்னு இருந்த காலம் அது. அதனால 1723ல ஜார்ஜ் இவங்களுக்கு 11,500 பவுண்டுக்கு ஷேர், நகை, வெள்ளிச்சாமான் எல்லாம் எழுதிக் குடுத்தப்போ, புருஷன் இதுல கை வைக்கக் கூடாதுன்னு பத்திரத்துலயே போட்டாங்க. அந்தப் பணத்துலதான் தேம்ஸ் ஆத்தங்கரையில மார்பிள் ஹில்னு வீடு கட்டினாங்க, இன்னைக்கும் நிக்குது, ஜனங்க போய்ப் பாக்குறாங்க. 1733ல புருஷன் செத்தார், மறு வருஷமே அரண்மனையை விட்டு வந்துட்டாங்க, 1735ல ஜார்ஜ் பெர்க்லின்னு ஒரு நல்ல மனுஷனைக் கட்டிக்கிட்டு அந்த வீட்டுல நிம்மதியா இருந்தாங்க. அம்பது வயசை நெருங்கித்தான் அவங்களுக்கு வாழ்க்கையே ஆரம்பிச்சுது. அவங்களை நான் ஒரு வார்த்தை தப்பா பேச மாட்டேன்மா. உங்க ஊர்ல அப்படி யாராவது இருந்தா குடத்தை எறக்கி வச்சுட்டு நீங்க ஒரு வார்த்தை பேசுங்க.

கேள்வி: ஏழை வீட்டுப் பொண்ணுங்க யாரும் அந்த எடத்துக்கு வரலையா?
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: வந்தாங்க தம்பி, நெல் க்வின். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுல ஜன்னல் ஜன்னலா மாங்கா கீத்து நீட்டுற அக்காங்க மாதிரி, லண்டன் நாடகக் கொட்டாயில ஆரஞ்சு வித்தவங்க, அப்புறம் நடிகையாகி ரெண்டாம் சார்லஸ் ராஜாகிட்ட போய்ச் சேந்தாங்க. 1685ல அந்த ராஜா சாகும்போது, நெல்லியை (நெல்லோட செல்லப் பேரு) பட்டினி போட்டுடாதேன்னு தன் தம்பிகிட்ட சொல்லிட்டுத்தான் செத்தார், தம்பியும் அவங்க கடனை அடைச்சு வருஷம் 1,500 பவுண்டு குடுத்தார். ஆனா அதுக்கும் முன்னாடியே நெல் ஒரு காரியம் பண்ணிட்டாங்க. பால் மால் தெருவுல ராஜா குடுத்த வீடு குத்தகைன்னு தெரிஞ்சதும் ஒத்துக்காம, 1676ல சொந்தமாவே முடிச்சுக்கிட்டாங்க. அந்தத் தெருவுல தெக்குப் பக்கம் பூரா இன்னைக்கும் அரச சொத்து, அந்த ஒரு மனையைத் தவிர.