சௌசௌ கொடியும் தொங்கிப்போன வேலியும்

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் வீட்டு முன்புறம் மரவேலி போட்டு 4 வருடம் ஆகிறது. நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் மரம் ஒன்று காற்றில் சாய்ந்தது, அதையே அறுத்து அடித்தோம். கால்களுக்கு நடுவே 8 அடி. மேல் சட்டம் நாலுக்கு இரண்டு அங்குலம், படுக்கை வசமாக வைத்திருக்கிறார்கள். இப்போது நடுவில் 2 அங்குலம் தொங்குகிறது. ஒருவர் அடியில் இரும்புப் பட்டை வைத்து முடுக்கச் சொல்கிறார், இன்னொருவர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு சிமெண்ட் கால் போடச் சொல்கிறார். சௌசௌ கொடி வேறு படர்ந்திருக்கிறது, அதை அறுக்க மனசு வரவில்லை.
- ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: பிடுங்க வேண்டாம். முதலில் ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போங்கள். சட்டம் காலில் போய் உட்காரும் இடம் இருக்கிறதே, அங்கேதான் தண்ணீர் தங்கும், அங்கே அடிப்பக்கமாகக் குத்திப் பாருங்கள். முனை இறங்காமல் நின்றால் கவலையில்லை. மைசூர்பாகில் குத்தியது மாதிரி இறங்கிப் பொடி உதிர்ந்தால் அந்தச் சட்டத்துக்கு வைத்தியம் பார்ப்பது வீண், மாற்றிவிடுங்கள். சில்வர் ஓக் என்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன். காப்பித் தோட்டத்தில் நிழலுக்கும் மிளகுக் கொடி ஏற்றவும் அருமையான மரம், ஆனால் அறுத்த பிறகு மழையில் நிற்கிற மரம் அல்ல. வைரம் பாய்ந்த தேக்கும் வேங்கையும் தாங்குகிற ஈரத்தை இது தாங்காது. 4 வருடம் நின்றதே பெரிசு.

மரம் நன்றாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். பிறகு ஏன் தொங்கியது? படுக்க வைத்ததுதான் முதல் தப்பு. ஓட்டு வீடாக இருந்தால் அண்ணாந்து பாருங்கள், உத்தரத்தை எந்த ஆசாரியாவது படுக்கப் போட்டிருக்கிறாரா? பிள்ளைகளின் மர ஸ்கேலை இரண்டு புத்தகங்களுக்கு நடுவில் பாலம் மாதிரி வைத்து அழுத்துங்கள், வளையும். அதையே விளிம்பில் நிறுத்தி அழுத்துங்கள், விரல்தான் வலிக்கும். நாலுக்கு இரண்டு சட்டத்தை நிறுத்தி வைத்தால் படுக்க வைத்ததைவிட 4 மடங்கு விறைப்பு, அதே மரம், அதே செலவு. ஆனால் மேலே பூந்தொட்டி வைக்கலாம், முழங்கை ஊன்றிப் பக்கத்து வீட்டோடு பேசலாம் என்று படுக்கப் போடச் சொல்கிறோம் (நானும் ஒரு தடவை அப்படிச் சொல்லி, இரண்டே மழையில் பாடம் படித்தவன்தான்).

அப்புறம் உங்கள் சௌசௌ. மரம் பாரத்தைத் தாங்கித் தாங்கி மெல்ல வளையும், பாரத்தை எடுத்தாலும் முழுசாகத் திரும்பாது, அதிலும் நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து என்று கிடக்கிற மரம் இன்னும் சீக்கிரம் வளையும். மழை நாளில் காயும் இலையுமாக நனைந்த கொடி என்ன கனம் என்பது காய் பறிக்கிற உங்களுக்கே தெரியும். மரம் சாய்ந்த கையோடு பச்சையாக அறுத்து அடித்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

இரும்புப் பட்டையால் கொஞ்சம் விறைப்பு வரும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பட்டையும் படுத்துக்கொண்டுதானே இருக்கும்? மரத்துக்கும் இரும்புக்கும் நடுவில் ஈரம் நின்று, பட்டை துருப்பிடிக்க, மரம் உளுக்க, இரண்டு வருடத்தில் மறுபடி எனக்கு எழுதுவீர்கள்.

நான் செய்வதாக இருந்தால் நடுவில் ஒரு கால் கொடுப்பேன், அவ்வளவுதான். 8 அடி 4 அடியானால் தொங்கல் பாதியாகும் என்றுதான் தோன்றும். கணக்கு அப்படிப் போவதில்லை, அதே கொடியின் பாரத்துக்கு 16-ல் 1 பங்காக இறங்கிவிடும். காலுக்கு மரம் தேடவே வேண்டாம். மலையை விட்டு இறங்கினால் சேலம் பக்கம் காட்டுக்குக் காடு கல்லுக்கால் வேலிதான், அதில் உடைந்த துண்டு ஒன்று கிடைத்தால் போதும், ஓரடி மண்ணில் புதைத்து மேலே சட்டத்தை உட்கார வைக்கலாம். கரையானும் தொடாது, ஈரமும் ஒன்றும் செய்யாது.

தூக்குகிற வேலையில்தான் அவசரப்படக் கூடாது. கார் ஜாக்கியை ஒரு பலகைத் துண்டின்மேல் வைத்து, சட்டத்துக்கும் ஜாக்கிக்கும் நடுவில் இன்னொரு கட்டையைக் கொடுத்து, ஒரு நாளைக்கு அரை அங்குலம் என்று ஏற்றுங்கள். ஒரே மூச்சில் ஏற்றினால் காய்ந்த சட்டம் படீரென்று விரிசல் விடும். மழை பெய்து மரம் கொஞ்சம் ஈரமாக இருக்கிற வாரம் இதற்கு நல்லது. நடுவில் இருக்கிற நாலைந்து செங்குத்துப் பலகைகளைக் கீழ்ச் சட்டத்திலிருந்து கழற்றி விடுங்கள், இல்லையென்றால் அவை மேல் சட்டத்தை எழும்ப விடாமல் இழுத்துப் பிடிக்கும். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நூல் பிடித்துப் பார்த்து, மட்டத்துக்குமேல் கால் அங்குலம் கூடுதலாகவே ஏற்றிவிட்டுக் கல்லை நடுங்கள், ஜாக்கியை இறக்கினதும் அந்தக் கால் அங்குலம் தானாக உட்கார்ந்துவிடும்.

நடுவில் கல் நின்றால் பார்வைக்கு நன்றாக இல்லை என்றால், ஜாக்கி தாங்கிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு நாலுக்கு இரண்டை பின்பக்கம் நிறுத்தி வைத்து, படுக்கைச் சட்டத்தின் விளிம்போடு சேர்த்து முக்கால் அடிக்கு ஒரு மூன்றரை அங்குல ஸ்குரூ போடுங்கள். அதன் இரண்டு முனையும் கால்களில் போல்ட்டோடு பிடித்திருக்க வேண்டும். ஸ்குரூவெல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், முடியாவிட்டால் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு). கடைசியாக மேல் சட்டத்தின் முதுகை இழைப்புளியால் ஒரு பக்கமாகச் சரித்துவிடுங்கள், தண்ணீர் நிற்காமல் வழிந்து போகட்டும். கொடியை அறுக்க வேண்டியதில்லை, வேலை நடக்கும்வரை ஒரு ஓரமாகச் சுருட்டிக் கட்டி வையுங்கள்.

கேள்வி: எங்கள் மர கேட்டின் தாழ்ப்பாள் பக்கம் இறங்கித் தரையை உரசுகிறது. குறுக்குச் சட்டம் அடித்தும் நிற்கவில்லையே?
- ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: குறுக்குச் சட்டத்தைத் தலைகீழாக அடித்திருப்பார்கள், போய்ப் பாருங்கள். மரச் சட்டம் என்றால் கீல் பக்கத்து அடி மூலையில் கால் ஊன்றித் தாழ்ப்பாள் பக்கத்து மேல் மூலையைத் தாங்க வேண்டும். கம்பியால் இழுத்துக் கட்டுவதாக இருந்தால் நேர் எதிர், கீல் பக்கத்து மேல் மூலையிலிருந்து தாழ்ப்பாள் பக்கத்து அடி மூலைக்கு. மரம் முட்டுக் கொடுக்கும், கம்பி இழுத்துப் பிடிக்கும். மாற்றி அடித்தால் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

கேள்வி: வேலிக்கு வண்டியின் கழிவு ஆயிலைப் பூசலாமா? கரையான் வராது என்கிறார்கள்.
- ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: பலர் பூசுகிறார்கள், நான் பூச மாட்டேன். மழையில் கரைந்து மண்ணில் இறங்கும், வேலியோரத்தில் கீரையும் காயும் போடுகிறவர்களுக்கு அது வேண்டாத வேலை. பண்ருட்டிப் பக்கம் கிடைக்கும் முந்திரிக்கொட்டை எண்ணெய் மரத்துக்கு நல்லது, கடலோரத்தில் படகுக்கே பூசுவார்கள். ஆனால் தோலில் பட்டால் கொப்புளம் போடும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள், நன்றாகக் காய்ந்த பிறகே குழந்தைகளை வேலிப்பக்கம் விடுங்கள்.